பிரிந்ததா, பிரித்ததா? துண்டான பொருளுக்குச் சரியான சொல் எடுப்பது எப்படி

போன மாசியில் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் என் கடைக்கு வந்தார். தருமபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், மனு எழுதித் தருவது என்று பல வருடமாக எனக்கு இதே வேலை. அவர் கையில் தாலுகா ஆபீஸிலிருந்து திரும்பி வந்த மனு ஒன்று இருந்தது, வேறு எங்கேயோ எழுதி வாங்கியது. அதில் "எங்கள் தகப்பனாரிடமிருந்து பிரிந்த நிலம் 1 ஏக்கர் 20 சென்ட்டுக்குத் தனித்தனிப் பட்டா வேண்டும்" என்று இருந்தது.

"பிரிஞ்ச நெலம்னு எழுதியிருக்கே, பத்திரம் எங்கன்னு கேக்கறாங்க தம்பி. பிரிஞ்சிருந்தா நான் எதுக்கு அங்க போறேன்?" என்றார்.

உட்கார வைத்துப் பேசிப் பார்த்தால் விஷயம் இதுதான்: அவருடைய அப்பா உயிரோடு இருந்தபோது மூன்று மகன்களையும் காட்டுக்கு அழைத்துப் போய், வரப்பைக் காட்டி, ஆளுக்கு 40 சென்ட் என்று வாயால் சொல்லிவிட்டார், அதன்படியே மூன்று பேரும் உழுது பயிர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் பத்திரம் மட்டும் போடவே இல்லை. அதாவது அது பேச்சில் பிரித்த நிலம், காகிதத்தில் பிரிக்காத நிலம். தானாகப் பிரிந்த நிலம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது, ஆறு நடுவில் புகுந்து ஓடினால்தான் உண்டு. நான் இப்படி மாற்றினேன்: "எங்கள் தகப்பனார் வாய்மொழியாகப் பிரித்துக் கொடுத்து, நாங்கள் மூவரும் தனித்தனியே அனுபவித்து வருகிற, பத்திரப்படி இன்னும் பிரிக்காத நிலம்." படித்துக் காட்டச் சொன்னார், இரண்டு தடவை. "இதத்தான் நானும் சொன்னேன்" என்றார். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டிய வேலை அதற்கு மேல்தான் இருக்கிறது, ஆனால் கேட்பதை ஒழுங்காகக் கேட்டால்தானே அடுத்த படி.

ஒரே ஒரு எழுத்து, ந்த என்பதா த்த என்பதா. இதில் தடுமாறுகிறவர்கள் நிறையப் பேர், படித்தவர்களும்தான். அதனால் துண்டான, பிரிந்த, உடைந்த பொருளைச் சொல்லும்போது எந்தச் சொல்லை எங்கே போடுவது என்று எனக்குத் தெரிந்த வரைக்கும் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் பெயரெச்சம் என்று படித்திருப்பீர்கள், பெயருக்கு முன்னால் நின்று அதை விளக்குகிற வினைச்சொல். நம் மொழியில் இந்த மாதிரி இடங்களில் பெயருக்கு முன்னால் வேலை செய்வது பெரும்பாலும் அதுதான். அதன் பெயர் மறந்துபோனாலும் பரவாயில்லை, வேலை தெரிந்தால் போதும்.

முதலில் காதை நம்புங்கள். எழுதும்போது குழப்பம் வருகிறவர்களுக்குக்கூடப் பேசும்போது வருவதே இல்லை. "ஒடஞ்ச பானை" என்பதற்கும் "ஒடச்ச பானை" என்பதற்கும் வித்தியாசம் தெரியாத குழந்தை நம் ஊரில் கிடையாது. முதலாவதில் பானை மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் பானைக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிறான். கிழிஞ்ச சட்டை, கிழிச்ச சட்டை; முறிஞ்ச கிளை, முறிச்ச கிளை; கலைஞ்ச கூட்டம், கலைச்ச கூட்டம்; பிரிஞ்ச குடும்பம், பிரிச்ச குடும்பம். எல்லாவற்றிலும் இதே கதைதான். ஆகவே எழுதும் முன் வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வாயில் "ஞ்ச" வந்தால் எழுத்தில் "ந்த". வாயில் "ச்ச" வந்தால் எழுத்தில் "த்த". அவ்வளவுதான் வாய்பாடு. அதற்கும் சந்தேகம் தீரவில்லை என்றால் "யார்?" என்று ஒரு கேள்வி போடுங்கள். உடைத்த நடுகல் என்றால் யார் உடைத்தது என்று கேட்கலாம், கேட்கத் தோன்றும். உடைந்த நடுகல் என்றால் அந்தக் கேள்விக்கு இடம் இல்லை, எப்போது, எப்படி என்று வேண்டுமானால் கேட்கலாம்.

நடுகல்லைச் சும்மா சொல்லவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஏரிக்கரை, புளியந்தோப்பு, காட்டோரம் என்று நடுகற்கள் நிற்காத பக்கமே குறைவு, இப்போது நிறையப் பேர் அவற்றைப் படம் எடுத்துப் போடுகிறார்கள், ரொம்ப நல்ல காரியம். ஆனால் மேல்பாகம் போன கல்லைப் பார்த்ததும் "உடைத்த நடுகல்" என்று எழுதிவிட்டால் அந்த ஊர்க்காரர் மேல் பழி விழுகிறது. வெயிலிலும் மழையிலும் சாய்ந்து விழுந்து உடைந்திருக்கலாம், வண்டி மோதியிருக்கலாம், மரத்தின் வேர் தள்ளியிருக்கலாம். உங்களுக்குத் தெரியாதபோது "உடைந்த" என்றுதான் எழுத வேண்டும். இது இலக்கணம் மட்டும் இல்லை, நியாயமும்கூட.

மாறியும் நடக்கும். ஒருவர் வேண்டுமென்றே செய்ததை "ந்த" போட்டு எழுதினால் ஆள் தப்பித்துவிடுவான். "கிழிந்த ரசீது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் அவர்தான் கிழித்தார் என்று வாதாடினால் யார் நம்புவார்கள்? புகார் மனு எழுதும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆளைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஆளைச் சொல்லும் சொல்லைப் போடுங்கள்.

சரி, இப்போது இந்த வாய்பாடு செல்லாத இடங்கள். "பிளந்த" என்பதற்கு ஜோடி கிடையாது. நிலம் பிளந்தது என்றாலும் பிளந்ததுதான், பாறையைப் பிளந்தார் என்றாலும் பிளந்ததுதான். "பிளத்த" என்று ஒரு சொல் இல்லை. கல் குவாரி உள்ள கிருஷ்ணகிரி பக்கத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கையால் கல் பிளக்கிறவர் பாறையின் ஓட்டம் பார்த்து ஒரே வரிசையில் குழி போடுவார், ஒவ்வொரு குழியிலும் இரும்பு ஆப்பு இறக்குவார், அப்புறம் சம்மட்டியால் வரிசையாக ஒவ்வொரு ஆப்பின் மேலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக்கொண்டே போவார். தட்டுகிற சத்தம் மாறிக்கொண்டே வரும், கடைசியில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு ஓடி, கல் இரண்டாகும். அந்தக் கல் பிளந்த கல்லா, அவர் பிளந்த கல்லா? இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். அதனால் "பிளந்த" என்று எழுதும்போது ஆளைக் காட்ட வேண்டுமானால் ஆளையே முன்னால் வைத்துவிடுங்கள்: "தொழிலாளர் பிளந்த கல்", "வெயிலில் பிளந்த பாறை". முன்னால் நிற்கும் சொல் மீதியைச் சொல்லிவிடும்.

"பகிர்ந்த" என்பதும் அப்படித்தான், ந்த இருந்தாலும் ஒருவர் செய்ததுதான். அதனால் ஜோடி உள்ள சொல்லுக்குத்தான் இந்தச் சோதனை: உடை, பிரி, கிழி, முறி, கலை, அறு, அவிழ் மாதிரி இரண்டு பக்கமும் போகிற சொற்கள்.

"பிரிந்த" என்பதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, இதில்தான் எனக்குத் தெரிந்து அதிகம் பேர் விழுகிறார்கள். முன்னால் "ஐ" உருபு வந்தாலும் "பிரிந்த" வரும். "ஊரைப் பிரிந்த பிள்ளைகள்" என்றால் ஊரை விட்டுப் போன பிள்ளைகள். ஓசூர், பெங்களூர் என்று வேலைக்குப் போன பாதி வீடுகளின் கதை அது. "ஊரைப் பிரித்த பிள்ளைகள்" என்றால் ஊரை இரண்டாக்கிய பிள்ளைகள், கோவில் திருவிழாவில் சண்டை மூட்டினவர்கள். "அண்ணனைப் பிரிந்த தம்பி" என்பதில் ஏக்கம் இருக்கிறது. "அண்ணனைப் பிரித்த தம்பி" என்றால் அண்ணனை வேறு யாரிடமிருந்தோ பிரித்துவிட்டான். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எழுதும்போது இந்த எழுத்து மாறிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அச்சுக்குப் போகும் முன் இந்த ஒரு வார்த்தையை மட்டுமாவது இரண்டாவது தடவை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது "பிரிக்கப்பட்ட". இதை எங்கே பார்த்தாலும் போடுகிற பழக்கம் வந்துவிட்டது. "அப்பாவால் பிரிக்கப்பட்ட நிலம்", "அம்மாவால் நறுக்கப்பட்ட காய்", "எங்களால் உடைக்கப்பட்ட தேங்காய்" என்றெல்லாம் எழுதுகிறார்கள். யாராவது வீட்டில் இப்படிப் பேசுவார்களா? அப்பா பிரித்த நிலம், அம்மா நறுக்கிய காய், நாங்கள் உடைத்த தேங்காய். முடிந்தது. தமிழ்ப் பெயரெச்சத்துக்கு இந்த "ப்பட்ட" இல்லாமலே எல்லாப் பக்கமும் திரும்பத் தெரியும். நன்னூல் பெயரெச்சம் கொண்டு முடியும் பொருள் ஆறு என்று சொல்கிறது: செய்தவன், கருவி, இடம், செயல், காலம், செய்யப்பட்ட பொருள். நம் வழியிலேயே சொல்லிப் பார்க்கலாம். தேங்காய் உடைத்த பூசாரி, தேங்காய் உடைத்த அரிவாள், தேங்காய் உடைத்த கல், தேங்காய் உடைத்த வேலை, தேங்காய் உடைத்த நேரம், பூசாரி உடைத்த தேங்காய். "உடைத்த" ஒன்றுதான், பின்னால் வருகிற பெயரைப் பொறுத்து அது தானாகத் திரும்பிக்கொள்கிறது. இவ்வளவு சுலபமான ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு "ஆல்", "ப்பட்ட" என்று ஏன் வாக்கியத்தை நீட்ட வேண்டும்?

"ப்பட்ட" கூடவே கூடாது என்று சொல்லவில்லை. செய்தவர் யார் என்று தெரியாத இடம், தெரிந்தாலும் அது முக்கியம் இல்லாத இடம், அரசாணை, பத்திரம், அறிவிப்பு, இங்கெல்லாம் அதுதான் பொருத்தம். நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து தருமபுரி வந்தது. 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி வந்தது. இதை எழுதும்போது "சேலத்திலிருந்து பிரிக்கப்பட்ட தருமபுரி" என்பது ஆவண நடை, சரி. "சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி" என்பது கட்டுரை நடை, அதுவும் சரிதான், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பிள்ளை மாதிரி. "அரசு பிரித்த மாவட்டம்" என்றால் முடிவு எடுத்தவர் மேல் கவனம் போகிறது. ஆனால் "பிளவுபட்ட மாவட்டம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பிளவு என்று வந்தாலே அங்கே மனக்கசப்பு வந்துவிடும். பிளவுபட்ட கட்சி, பிளவுபட்ட குடும்பம், பிளவுபட்ட கருத்து என்றால் ஒட்டியிருக்க வேண்டியது ஒட்டாமல் போனது என்று பொருள். "ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்பதில் உள்ள "இரண்டுபட்ட" கூட அந்த ரகம்தான். பிரிந்தது சமாதானமாகவும் இருக்கலாம், பிளவுபட்டது அப்படி இருக்காது.

சமையலுக்கு வந்தால் "வெட்டிய" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஓட்டுகிறார்கள், எனக்கு வருத்தமாக இருக்கும். கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் வைகாசி, ஆனியில் கிளிமூக்கு மாங்காயைக் கூடையில் வைத்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அம்மா மாங்காயைக் காம்புப் பக்கம் பிடித்து, கத்தியை மேலிருந்து கீழாக நாலைந்து இடத்தில் இறக்குவார், அடிவரைக்கும் போகாது, மாங்காய் பூ விரிந்த மாதிரி விரியும், இடுக்கில் உப்பும் மிளகாய்த் தூளும் தடவிக் கொடுப்பார். அது கீறிய மாங்காய். வெட்டிய மாங்காய் இல்லை, ஏனென்றால் இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறது. தனித்தனியாக வந்துவிட்டால் பத்தை போட்ட மாங்காய். சின்னச் சின்னத் துண்டாக்கினால் நறுக்கியது, வெங்காயம் மாதிரி மெல்லிசாகச் சீவினால் அரிந்தது. தேங்காயில் உடைத்த மூடி, கீறிய பத்தை, சில்லு. பலாவில் வெட்டிய பழம், பிரித்த சுளை. சுளையை யாரும் வெட்டுவதில்லை, அது ஏற்கெனவே தனித்தனியாகத்தான் உள்ளே இருக்கிறது, நாம் பிரிக்கிறோம், அவ்வளவுதான். புளியிலும் பாருங்கள்: மரத்திலிருந்து உலுக்கிய புளி, ஓடு உடைத்த புளி, நார் உரித்த புளி, கொட்டை எடுத்த புளி. மாசி, பங்குனியில் நம் பக்கம் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பார்களே, அவர்கள் வாயில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சொல் இருக்கிறது. கொட்டை எடுத்ததற்கும் எடுக்காததற்கும் விலையே வேறு. "பிரிக்கப்பட்ட புளி" என்று லேபிள் அடித்தால் வாங்குகிறவருக்கு ஒன்றும் புரியாது. பொருளைக் கையாளுகிறவர் என்ன சொல்கிறாரோ அதைக் கேட்டு எழுதுங்கள், அகராதியைத் திறப்பதெல்லாம் அப்புறம்.

எண்ணிக்கை வரும்போது ஒரு எச்சரிக்கை. 30 மாம்பழம் இருக்கிறது. "மூன்றாகப் பிரித்த பழம்" என்றால் மூன்று கூறு, கூறுக்கு 10. "மும்மூன்றாகப் பிரித்த பழம்" என்றால் கூறுக்கு 3, மொத்தம் 10 கூறு. இரண்டும் தலைகீழ். இதே மாதிரி "இரண்டாகப் பிரித்த மனை" என்றால் ஒரு மனை இரண்டானது, "பிரித்த இரண்டு மனை" என்றால் பல மனை பிரித்ததில் இரண்டு. பத்திரத்தில் சொல் இடம் மாறினால் நிலம் இடம் மாறிவிடும். எண்ணை எங்கே வைக்கிறீர்கள் என்று பார்த்து வையுங்கள்.

வகுத்த, பகுத்த, பகிர்ந்த மூன்றையும் கலக்காதீர்கள். கணக்கில் வகுத்தது, விதி, திட்டம் இவற்றுக்கும் வகுத்தது. பகுத்தது என்றால் பங்கு போட்டுக் கொடுத்தது அல்லது கூறு கூறாக ஆராய்ந்தது. வள்ளுவர் "பகுத்துண்டு" என்று சொன்னது முதல் பொருளில். பகிர்ந்தது என்றால் பங்கிட்டுக்கொண்டது, சேர்ந்து வைத்துக்கொண்டதற்கும் இப்போது அதுதான்: போனில் பகிர்ந்த படம் உங்களிடமும் இருக்கும், என்னிடமும் இருக்கும், குறையாது.

இல்லை என்று சொல்லும்போதும் ந்த, த்த வித்தியாசம் தொடர்ந்து வரும். பிரியாத நண்பர்கள், பிரிக்காத சொத்து. முதலாவது அவர்களாகவே சேர்ந்திருக்கிறார்கள், இரண்டாவது யாரும் இன்னும் பங்கு போடவில்லை. பத்திரங்களில் "பிரிபடாத பாகம்" என்று ஒன்று வரும். அடுக்குமாடியில் வீடு வாங்கினால் கீழே உள்ள மனையில் உங்களுக்கு வருகிற பங்கு அது. அளந்து கல் நட்டுக் காட்ட முடியாது, ஆனால் பங்கு உண்டு. இந்தச் சொல்லை "பிரிக்கப்படாத" என்று நீங்களாக மாற்ற வேண்டாம், புழக்கத்தில் நிலைத்துவிட்ட சொல் அப்படியே இருக்கட்டும்.

ஒற்றுப் பிழை பற்றிச் சுருக்கமாக. "பிரித்தப் பாகம்", "உடைந்தப் பானை", "கிழிந்தத் துணி" எல்லாமே தப்பு. இந்த மாதிரிப் பெயரெச்சத்துக்குப் பின் க, ச, த, ப வந்தாலும் ஒற்று மிகாது. பிரித்த பாகம், உடைந்த பானை, கிழிந்த துணி. "பிரியாத பந்தம்" என்பதிலும் மிகாது. ஆனால் கடைசி "த" விழுந்து "பிரியா" என்று நின்றால் மிகும்: பிரியாப் பந்தம். அரை, பாதி இரண்டுக்குப் பின்னும் மிகும்: அரைப்படி, பாதிப்பங்கு.

அரை என்றதும் நினைவுக்கு வருகிறது. பழைய பத்திரம் கொண்டு வருகிறவர்கள் "அரைக்கால் பாகம்" என்பதைப் பார்த்துவிட்டு அரையும் காலும் சேர்த்து முக்கால் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை. அரைக்கால் என்றால் காலில் அரை, எட்டில் ஒன்று. அரைக்காலில் பாதி மாகாணி, அதுவே வீசம், பதினாறில் ஒன்று. கிணற்றுப் பாத்தியத்தில் இது இன்றும் வருகிறது. போன வாரம் அரூர் பக்கத்திலிருந்து ஒரு அக்கா இப்படி ஒரு பத்திரத்தோடு வந்தார், கிணற்றில் அரைக்கால் பாகம். "கெணத்த எப்படிங்க எட்டாப் பிரிப்பாங்க?" என்று கேட்டார். கிணற்றைப் பிரிக்க முடியாது, தண்ணீர் இறைக்கிற முறையைத்தான் பிரிக்க முடியும், எட்டு நாளில் ஒரு நாள் அவருக்கு. அவருக்கு எழுதிக் கொடுத்த மனுவில் அதை அப்படியே வைத்தேன்: "பிரிக்க முடியாத பொதுக் கிணற்றில், முறை வைத்துப் பிரித்த எட்டில் ஒரு பங்கு தண்ணீர்."